அவர் சொல்லாத பெயரை நீங்கள் சொல்லலாமா?

கேள்வி: "அக்கா, 2003-இல் சென்னையில் ஒரே கல்லூரியில், ஒரே விடுதி அறையில் இருந்தோம் நானும் என் தோழியும். அவள் ஒரு நாடகக் குழுவில் நடித்துவந்தாள். ஒருநாள் ஒத்திகை முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, குழுவின் இயக்குநர் அவளிடம் பலவந்தமாக நடந்துகொண்டார். அன்றிரவே என்னிடம் சொல்லி அழுதாள். வேறு யாருக்கும் தெரியாது. இப்போது அவருக்கு ஒரு சபா வாழ்நாள் சாதனை விருது தரப்போகிறது. பள்ளி மாணவிகளுக்கு அவர் நடிப்புப் பயிற்சியும் நடத்துகிறார். தோழி வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கிறாள். கேட்டால் 'விட்டுவிடு' என்கிறாள். அவள் பெயரைச் சொல்லாமல் அவர் பெயரை மட்டும் பொதுவில் எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்துக் கிளறுவது தவறு என்று என் கணவர் சொல்கிறார். நீங்கள் வழக்கறிஞர், இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்தவர். என்ன செய்ய?"

உங்கள் கணவர் எழுப்புவது ஒரு கேள்வி, உங்களுக்கு முன்னால் இருப்பது வேறொரு கேள்வி. பழையதைப் பேசலாமா என்று கேட்டால், தாராளமாகப் பேசலாம் என்பேன். அதை நீங்கள் பேசலாமா என்று கேட்டால், உங்கள் தோழி சரி என்று சொல்லும்வரை கூடாது என்பேன். இந்த இரண்டாவது பதில் உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். அதனால் அதைத்தான் அதிகம் விளக்கப்போகிறேன். ஆனால் கணவரின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம்.

2003-இல் அந்தப் பெண் எங்கே போயிருக்க முடியும் என்று அவரிடம் கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன்பு இருந்தது 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா நெறிமுறைகள் மட்டுமே. அவற்றைப் பெரிய அலுவலகங்களே கண்டுகொள்ளாத காலத்தில் ஒரு நாடகக் குழு எங்கே கண்டுகொண்டிருக்கும்? மகளிர் காவல் நிலையம் இருந்தது உண்மை. தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இலேயே ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் விடுதி மாணவி ஒருத்தி காவல் நிலையப் படியேறினால் அன்று மாலைக்குள் வார்டன் ஊருக்குத் தகவல் சொல்லியிருப்பார். மறுநாள் அப்பா பெட்டியோடு அழைத்துப் போயிருப்பார். படிப்பு நின்றிருக்கும், நாடகம் நின்றிருக்கும், அந்த வருடமே மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். இயக்குநரோ அடுத்த நாடகத்தை அரங்கேற்றியிருப்பார். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பத்தொன்பது வயதுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். குற்றம் செய்தவருக்குச் சாதகமாக அந்த மௌனத்தை எழுதிக்கொள்வது அநியாயம்.

நீதிமன்றங்களும் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. பாலியல் குற்றங்களில் புகார் தாமதமாவது இயல்பு, குடும்ப மானத்தை எண்ணித் தயங்குவார்கள், தாமதத்தை மட்டும் வைத்துப் பெண்ணைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே பஞ்சாப் மாநில வழக்கு ஒன்றில் கூறிவிட்டது. பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கு இன்னும் பொருத்தமானது. 1993-இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவம், 2018-இல் பெயரோடு வெளியே வந்தது. 2021 பிப்ரவரி 17 அன்று ரமணியை விடுவித்த டெல்லி நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. அக்பர் மேல்முறையீடு செய்திருக்கிறார். இறுதி முடிவு என்னவானாலும், "ஏன் இப்போது?" என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பதிலைப் பதிவு செய்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விடை இன்னும் எளிது. இப்போதுதான் மேடை போடுகிறார்கள், அதனால் இப்போது நினைவு வருகிறது. 2021-இல் வைரமுத்துவுக்குக் கேரளத்தின் ஓ.என்.வி. இலக்கிய விருது அறிவிக்கப்பட்டபோது, பாடகி சின்மயி உள்ளிட்ட பெண்கள் 2018-இல் முன்வைத்த குற்றச்சாட்டுகள் மீண்டும் எழுந்தன. அவர் அவற்றைத் தொடர்ந்து மறுத்தே வந்திருக்கிறார். விருதை மறுபரிசீலனை செய்வதாக அமைப்பு அறிவித்ததும், தனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விருது தருவது பொதுவில் செய்யும் காரியம். அதற்கு எதிரான சொல்லும் பொதுவில் வரும் என்பதை விருது தருபவர்கள் எதிர்பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இனி, நீங்கள் எழுதலாமா என்பது.

நீங்கள் பெயரைப் போட்டு எழுதிய மறுவாரம் அவர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிக்கை வரும். அடுத்து எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின் கீழ் அவதூறு வழக்கு. இரண்டு ஆண்டுகள் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் அது. "நான் சொன்னது உண்மை" என்பீர்கள். உண்மை என்பது மட்டும் குற்றவியல் அவதூறில் போதாது. அது பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டது என்றும் காட்ட வேண்டும். அதைக்கூடக் காட்டிவிடலாம் என்று வையுங்கள். உண்மை என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? ஒத்திகை அறையில் நீங்கள் இல்லை. இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உங்கள் மீது வழக்குத் தொடுத்தவர். மற்றவர் உங்கள் தோழி. உங்களைக் காப்பாற்ற அவர் வெளிநாட்டிலிருந்து வந்து சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாத ஒன்றை, தன்னைத் தொட்டவரின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்ய, நாள் நாளாக நின்று சொல்லவேண்டும். வராவிட்டால் நீங்கள் தண்டனை பெறலாம். அந்தப் பழியும் அவர் மனதில்தான் விழும். "விட்டுவிடு" என்று சொன்ன பெண்ணை, விட முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் உங்கள் நல்லெண்ணம் முடியும்.

நான் ஒழுக்கநெறியையும் சட்டத்தையும் குழப்புவதாக நினைக்காதீர்கள். இங்கே இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. அன்று அந்த அறையில் பறிபோனது, தன் உடலுக்கு என்ன நேரவேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை. தன் கதைக்கு என்ன நேரவேண்டும் என்பதை இத்தனை ஆண்டுகளாக அவர் தானே தீர்மானித்து வந்திருக்கிறார். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, எப்போது மறப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. எந்த நோக்கத்துக்காகவும் அதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

"அவள் பெயரைத்தான் சொல்லவே மாட்டேனே" என்கிறீர்கள். சென்னை நாடக வட்டம் எவ்வளவு சிறியது என்று உங்களுக்கே தெரியும். 2003-இல், இன்னாருடைய குழுவில், கல்லூரி மாணவி என்று மூன்று விவரம் போதும். பழைய அழைப்பிதழை எடுத்து நடிகர் பட்டியலைப் பார்த்து விடுவார்கள். நீங்கள் எழுதினால், உங்கள் அறைத்தோழி யார் என்றும் பார்ப்பார்கள். தவறான பெண்ணின் பெயரும் அடிபடும். அந்தக் குழுவில் நடித்த ஒவ்வொரு பெண்ணையும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நீயா அது?" என்று கேட்பார். நக்கீரன் இதழ் தொடர்பான 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தனியுரிமையைப் பற்றிப் பேசும்போது உச்ச நீதிமன்றம் பத்திரிகைகளுக்குப் பெரிய சுதந்திரம் தந்தது. அந்த இடத்திலும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரையும் சம்பவத்தையும் ஊடகங்களில் விளம்பரப்படுத்தி மேலும் இழிவுக்கு ஆளாக்கக் கூடாது என்று விலக்கு வைத்தது. வன்புணர்வுக் குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியவைக்கும் எந்த விவரத்தை வெளியிட்டாலும் அது தனிக் குற்றம். அவரே எழுத்தில் அனுமதித்தால்தான் விலக்கு. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்ததே, அந்த மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. குற்றம் நடந்தபோது ஒருமுறையும், விவரம் கசிந்தபோது மறுமுறையும் அந்தப் பெண் பாதிக்கப்பட்டார் என்பதை இந்த ஊர் நன்றாகவே பார்த்தது.

மற்றவர்கள் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில், சென்னையின் நடனக் கல்வி நிறுவனமான கலாக்ஷேத்ராவில் பாலியல் துன்புறுத்தல் நடப்பதாக வெளியே பேச்சு எழுந்தது. தேசிய மகளிர் ஆணையம் காவல் துறைக்கு எழுதியது. பாதிக்கப்பட்டவர் என்று சொல்லப்பட்ட மாணவி அப்படி எதுவும் நடக்கவில்லை என்று கூற, சில நாட்களில் ஆணையம் விசாரணையை முடித்துவைத்தது. குற்றச்சாட்டே யாரோ கிளப்பிவிட்டது என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். அதே மாதக் கடைசியில் மாணவிகள் தாங்களாகவே வளாகத்தில் அமர்ந்து பேசத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. ஏப்ரல் 3 அன்று, முன்னாள் மாணவி ஒருவரின் புகாரில் ஓர் ஆசிரியர் கைதானார். அடுத்த ஆண்டு, பல காலம் முன்பு அங்கே படித்தவர்களின் புகாரில் முன்னாள் ஆசிரியர் ஒருவரும் கைதானார். உரியவர்கள் பேசியபோது பழைய குற்றச்சாட்டுகளுக்கும் உயிர் வந்தது. அவர்கள் தயாராகும் முன்பு பிறர் பேசியது கதவை மூடத்தான் உதவியது.

அப்படியானால் உங்களுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. ஒருவேளை நீங்கள் நினைத்ததைவிடப் பெரிய இடம்.

பிரியா ரமணி வழக்கில் அவருடைய தோழி நிலோஃபர் வெங்கட்ராமன் சாட்சி சொன்னார். சம்பவம் நடந்த அன்றே ரமணி தன்னிடம் அதைச் சொன்னார் என்பதுதான் அந்தச் சாட்சியம். கால் நூற்றாண்டு கழித்து, வேறு ஆதாரம் எதுவும் மிஞ்சாத ஒரு வழக்கில் அது எவ்வளவு கனமாக இருந்தது என்பதைத் தீர்ப்பைப் படித்தவர்கள் அறிவார்கள். உங்கள் தோழி அன்றிரவு சொன்ன ஒரே ஆள் நீங்கள். உங்களை நான் சாட்சியாகத்தான் பார்க்கிறேன். நீங்கள் அவசரப்பட்டுப் பொதுவில் எழுதி, பின்னூட்டங்களில் சண்டை போட்டு, ஒவ்வொருமுறை சொல்லும்போதும் ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்து வைத்தால், பிற்பாடு அவர் பேச முன்வரும் நாளில் உங்கள் சாட்சியத்தைக் கிழித்துப்போட எதிர்த்தரப்புக்கு அதுவே போதும்.

ஆகவே இன்றே ஒரு வேலை செய்யுங்கள். அன்றிரவு நடந்ததில் உங்களுக்கு நினைவிருப்பதை உங்கள் கையால் எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தார், என்ன உடுத்தியிருந்தார், எந்தச் சொற்களில் சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், மறுநாள் வகுப்புக்குப் போனாரா என்பதெல்லாம். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். தோழியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டாம். இருவர் நினைவும் தனித்தனியாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அந்தக் காலத்துக் கடிதம், நாட்குறிப்பு, மின்னஞ்சல் ஏதாவது இருந்தால் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

தோழியிடம் ஒருமுறை, ஒரே முறை, முழு விவரத்தையும் சொல்லுங்கள். விருது வரப்போகிறது, பள்ளி மாணவிகளுக்கு வகுப்பு நடக்கிறது, நீ எந்த நாள் பேச நினைத்தாலும் நான் சாட்சி சொல்வேன், பேசாவிட்டாலும் நம் நட்பில் ஒன்றும் குறையாது என்று சொல்லுங்கள். "உன்னைப் போல இன்னொரு பெண் பாதிக்கப்பட்டால் உனக்குப் பொறுப்பில்லையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்ல மனம் படைத்த பெண்களை வாய்திறக்க வைக்கும் கேள்விதான் அது. ஆனால் குற்றவாளியின் பொறுப்பைத் தூக்கிப் பாதிக்கப்பட்டவரின் தலையில் வைக்கிற கேள்வி.

சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்பதும் உங்கள் தோழிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த பிறகு வரும் "வேண்டாம்" வேறு, தெரியாமல் வரும் "வேண்டாம்" வேறு. நடந்தது வன்புணர்வு அல்லது அதற்கான முயற்சி என்றால் காலவரம்பு கிடையாது. இன்றும் புகார் தரலாம். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவுக்குள், அதாவது பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் பலவந்தம் செய்வது என்பதற்குள், மட்டும் அடங்குவது என்றால் சிக்கல். 2013 பிப்ரவரிக்கு முன்பு அதற்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள்தான், எனவே மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கு வந்திருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் இவ்வளவு நீண்ட காலத்துக்கு அது எளிதில் கிடைக்காது. பின்னால் கடுமையாக்கிய சட்டத்தை முன்பு நடந்ததற்குப் பொருத்தவும் முடியாது, அரசமைப்புச் சட்டத்தின் 20-ஆம் உறுப்பு அதைத் தடுக்கிறது. எந்தப் பிரிவு என்பது சம்பவத்தின் நுணுக்கமான விவரங்களைப் பொறுத்தது. அதை உங்களிடம்கூட அவர் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு வழக்கறிஞரிடம் தனியாகச் சொல்லட்டும். வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

அந்த மாணவிகளைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதற்கு உங்கள் தோழியின் கதை தேவையில்லை. சபாவுக்கும் பயிற்சி நடக்கும் இடத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு கடிதம் எழுதலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கச் சட்டப்படி இருக்கவேண்டிய உள்ளகக் குழு இருக்கிறதா, வகுப்பு நேரத்தில் வேறொரு பெரியவர் உடன் இருக்கிறாரா, தனி ஒத்திகைக்கு என்ன விதி, பெற்றோர் உள்ளே வந்து உட்கார அனுமதி உண்டா என்று கேட்கலாம். யார் மீதும் குற்றம் சாட்டாமல் எந்தப் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்விகள்தான் இவை. பதில் வராவிட்டால் அதுவும் ஒரு செய்தி. மாணவிகளில் ஒருத்தி தனக்கு ஏதாவது நடந்ததாகச் சொன்னால் மட்டும் கணக்கு மாறிவிடும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் போக்சோ சட்டப்படி நீங்கள் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழைக்கலாம். அங்கே யாருடைய மௌனமும் உங்களைக் கட்டுப்படுத்தாது.

உங்கள் தோழி சம்மதித்துவிட்டால் எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கும் நியாயம் வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன், வழக்கறிஞர் என்பதற்காகச் சொல்லவில்லை. 2017-இல் கல்வித்துறை ஆண்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இணையத்தில் வந்தது. பெயர், நிறுவனம் என்று இருந்ததே தவிர, பெரும்பாலும் யார் என்ன செய்தார் என்று இல்லை. அத்துமீறிய பார்வைக்கும் வன்புணர்வுக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. அதை வெளியிட்டவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. முறையை ஏற்க என்னால் முடியவில்லை. என்ன செய்தார் என்று சொன்னால்தான் அவர் மறுக்க முடியும், கேட்பவர்கள் எடைபோட முடியும். 2025 செப்டம்பரில் கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் மீதான புகார் காலம் கடந்தது என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதே தீர்ப்பில், அந்தத் தீர்ப்பை அவருடைய தன்விவரக் குறிப்பில் சேர்க்கவும் உத்தரவிட்டது. பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு நெருடியது. உண்மையா பொய்யா என்று விசாரிக்காமலே அழியாத முத்திரை குத்துவது புகார் கொடுத்த பெண்ணுக்கும் நீதியாகாது. அவருக்கு வேண்டியிருந்தது விசாரணை.

எனவே நடந்ததை மட்டும் எழுதுங்கள். அடைமொழிகள் வேண்டாம். "அன்றிரவு என்னிடம் அவர் இப்படிச் சொன்னார்" என்பது உங்களுக்குத் தெரிந்தது. "அவர் பல பெண்களை நாசமாக்கியவர்" என்பது உங்களுக்குத் தெரியாதது. வெளியிடும் முன் அவருடைய பதிலைக் கேளுங்கள், அவர் மறுத்தால் மறுப்பையும் சேர்த்துப் போடுங்கள். மனைவி மக்களை இழுக்காதீர்கள். அவருடைய சாதியை இழுக்க யாரையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண் வாய்திறந்த மறுகணமே அவர் என்ன சாதி, இவர் எந்தக் கட்சி, யார் தூண்டிவிட்டது என்று பிரித்துக்கொண்டு நின்றுவிடுகிறோம். 2018-இல் சின்மயி பேசியபோது இதை அப்பட்டமாகப் பார்த்தோம். நடந்ததா இல்லையா என்ற ஒரே கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

விலையும் தெரிந்திருக்கட்டும். 2018 நவம்பரில் டப்பிங் சங்கத்திலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். ஒரு திரைப்பட இயக்குநர் மீது குற்றச்சாட்டு வைத்த கவிஞரும் ஆவணப்பட இயக்குநருமான லீனா மணிமேகலை அவதூறு வழக்கைச் சந்தித்தார். வழக்கைக் காட்டி முடக்கப்பட்ட தன் பாஸ்போர்ட்டை மீட்க உயர் நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தது. அந்தத் திரைப்பட இயக்குநரும் குற்றச்சாட்டை மறுத்தவர்தான். 2024 செப்டம்பரில் நடிகர் சங்கம், பாதிக்கப்பட்டவர்கள் முதலில் சங்கத்தின் குழுவிடம் வரவேண்டும், நேரடியாக ஊடகத்திடம் பேச வேண்டாம் என்றது. அப்படிக் கேட்கும் தகுதி, வந்த புகார்களை விசாரித்து முடித்துக் காட்டிய அமைப்புக்குத்தான் உண்டு. பொதுவெளி பெரும்பாலான பெண்களுக்குக் கடைசிக் கதவு. மற்றவை திறந்திருந்தால் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் சொன்ன விருது விழா. தேதி நெருங்குகிறது, தோழியின் முடிவு அதற்குள் வராது என்றே நினைக்கிறேன். விழா நடக்கட்டும். அழைப்பு வந்தால் போகாதீர்கள். அந்தத் தேதிக்காகத் தோழியை அவசரப்படுத்த வேண்டாம். சபாவுக்கான கடிதத்தை மட்டும் இந்த வாரமே எழுதி எனக்கு அனுப்புங்கள். உங்கள் தோழியை நோக்கிச் சுட்டும் சொல் எதுவும் அதில் இல்லாதபடி பார்த்துத் திருத்தித் தருகிறேன்.